உப்புத் தொட்டியில் மரமீன்

ஜெபக்குமார் செதுக்கிய மரமீன், தண்ணீரில் இழுத்ததும் குப்புறக் கவிழ்ந்தது. படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கும் பொய்மீன் அது. உயிருள்ள சாளையைப் போல் உடம்பை அசைத்துப் போனால்தான் சீலா மீன் நம்பி வந்து கவ்வும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, வயிற்றிலும் வாலிலும் தூண்டில் முள் பூட்டியிருந்தான். எத்தனை முறை சீவியும் சரிவரவில்லை. கடைசியில் அதைத் துணியில் சுற்றி, திருப்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மனைவிக்கு அனுப்பினான். அவள் அப்பா மரமீன் செய்வதில் பேர்போனவர். பழுது எங்கே என்பது அவளுக்குப் பார்த்தாலே தெரியும்.

விஜயராணி திருப்பூர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை செய்தாள். சாயத்தையும் உப்பையும் நிறுத்துக் கலக்கி, துண்டுத் துணியில் நிறம் ஏற்றிப் பார்க்கும் வேலை. அவளோடு வந்த ஜெபக்குமார் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டிப் பார்த்தான். பஞ்சு பறக்கும், காற்று நுழையாத ஷெட். மழைக்காலம் முடிவதற்குள் கடலோர ஊரான பெரியதாழைக்கே திரும்பிவிட்டான். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கிளம்பும்போது அவன் ‘நீயும் வா’ என்று சொல்லவில்லை. அவளும் ‘இருங்க’ என்று சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொல்லவேண்டிய அந்தச் சொல் இரண்டு வருஷமாகச் சொல்லப்படாமலே இருந்தது.

கரையில் அவளுக்கு இருந்தது காத்திருக்கும் வேலை மட்டும். இங்கே அவள் கலக்கிய நிறம் கப்பல் ஏறிப் போகிறது. அதை விட முடியவில்லை. ஆனால் செல்போன் அடித்தால் கையைத் துடைக்காமலே எடுத்துவிடுவாள். பட்டன்களின் மேல் நீலமும் சிவப்புமாகக் கறை படிந்திருந்தது.

போனில் இருவரும் பேசியதெல்லாம் மரமீனைப் பற்றித்தான்.

“முதுகுதான் கனம். வயித்துல ஈயம் பத்தல” என்றாள், பொட்டலம் வந்த அன்று.

“அது எனக்குத் தெரியாதாக்கும்? வச்சுப் பாத்தேனே.”

“வால் பக்கத்துல வச்சிருக்கிய. நடுவயித்துல வைக்கணும்.”

“சரி, பெரிய மேஸ்திரி. நீயே வையி.”

அடிவயிற்றைக் குடைந்து ஈயக் குண்டை இறக்கிப் பசையால் மூடினாள். தலையை நீருக்குள் அழுத்தும் தகடு கோணலாக இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, பனியன் மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹேங்கரை அறுத்துப் புதுத் தகடு செருகினாள். லாரித் தண்ணீர் நிரப்பும் தொட்டியில் இழுத்தபோது இடப்பக்கம் ஓடியது. மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளைத்ததும் நேரானது. இழுப்பதை நிறுத்தினால் இலை போல மெல்ல அமிழ்ந்தது. அவள் அப்பாவின் மீன்களும் அப்படித்தான் அமிழும். திருப்தியோடு அனுப்பிவைத்தாள்.

அந்த வாரமே போன் வந்தது.

“என்னத்தச் செஞ்சு அனுப்பிருக்க? அமுங்கவே மாட்டேங்கு. தவக்கா மாதிரி மேல மேல துள்ளுது. பக்கத்துப் படகுக்காரன் சிரிக்கான்.”

“இங்கன நல்லாத்தான போச்சு?”

“உங்க ஊர்த் தண்ணில போவும். இது கடலுல்லா.”

‘உங்க ஊர்’ என்றது அவளுக்குத் தைத்தது. ஆனால் பிழை எங்கே என்பதும் அந்தப் பேச்சிலேயே இருந்தது. உப்புத் தண்ணீர் எந்தப் பொருளையும் கூடுதலாகத் தூக்கும். நல்ல தண்ணீரில் அமிழ்ந்தது கடலில் மிதக்கிறது. நாள் முழுக்க உப்பு நிறுக்கிறவளுக்கு, கடற்கரையில் பிறந்தவளுக்கு, அது தோன்றாமல் போயிற்று.

“திருப்பி அனுப்புங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மெஷின் ஓடவில்லை. உப்புக் கரைக்கும் நீளத் தொட்டி காலியாகக் கிடந்தது. டையிங் மாஸ்டர் ஆறுச்சாமியிடம் போய் அந்தத் தொட்டியைக் கேட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, லீவு நாள்ல என்ன கலர் போடறீங்க?”

“கடல் கலருங்க சார்.”

அவள் கையிலிருந்த மரமீனைப் பார்த்து அவர் சிரித்தார். “நல்லாருக்குதுங்க! ஆத்துல மீனு தீந்துபோச்சுன்னு தொட்டியில புடிக்கறீங்களாக்கும். நாளைக்கு நேவி புளூவுக்கு எப்படியும் உப்புக் கரைக்கோணுமுங்க. இன்னைக்கே கொஞ்சம் கரைச்சுப் போடுங்க. மிச்சத்த நாங் காலைல போட்டுக்கறேன்.”

மூட்டைகள் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்தவை. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்ற கணக்கில் கொட்டிக் கலக்கினாள். கலங்கல் தெளிந்ததும் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். வைத்தபடியே சிறிது நேரம் நின்றாள்.

மரமீனை விட்டாள். அவன் சொன்னபடியே மிதந்தது. வேகமாக இழுத்ததும் துள்ளியது. வயிற்றைத் திறந்து இன்னொரு சின்னக் குண்டைச் சேர்த்தாள். தகட்டின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினாள். தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தலை அமிழ்ந்து, இடுப்பு அசைந்து, மீன் அவள் பின்னால் வந்தது. விரலில் நூல் துடித்தது. இன்னும் ஒரு முறை ஓடினாள். பிறகு, தேவையில்லாமல், இன்னும் ஒரு முறை.

சாயங்காலம் அவளே போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

“இப்பம் எப்படிப் போவுது?”

“நல்லாப் போவுது.”

“உப்புப் போட்டா பாத்த?”

“ஆமா.”

“நாக்குல வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“உப்பாத்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

அவன் பக்கம் காற்று இரைந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். மீன் சரியாகிவிட்டது. இனிப் பேச என்ன இருக்கிறது?

“சனிக்கிழம பஸ்ஸு எப்பம்?” என்றான்.

“பொட்டலத்துக்கா, ஆளுக்கா?”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல், “ஆளுக்குத்தான்” என்றான்.

“நான் வந்தா திரும்பணும்.”

“நான் வந்தாலும் அப்படித்தான.”

இரண்டும் உண்மை.

“இங்கேருந்து எட்டரைக்கு. அங்கேருந்து ஏழுக்கு” என்றாள்.

“ஏழா, ஏழரையா?”

“ஏழு. பிந்திராதிய.”