மேசை 1, மேசை 10, மேசை 2

1

இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிக்கைகளுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. போன மாதம், ஒரு சலவை நிலையத்துத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய அறிக்கை, நிலையத்துக்குப் போன பிறகு, அச்சுக்காக என்னிடம் வந்தது. எண்பது பக்கம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது, நான்காம் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி:

'இந்த அட்டவணையை வடிவமைத்தவரின் அக்கா இரண்டாம் மேசையில் பணிபுரிகிறார்.'

அட்டவணைகளுக்குக் கீழே 'ஆதாரம்: கள ஆய்வு' என்று இருக்கும். 'சதவீதங்கள் முழு எண்ணாக்கப்பட்டவை' என்று இருக்கும். அக்கா இருந்து நான் பார்த்ததே இல்லை. கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

எடுத்துவிடலாமா என்று அறிக்கையைத் தயாரித்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'அதில் மட்டும் கை வைக்காதீர்கள்' என்று ஒற்றை வரிப் பதில். சரி, அறிக்கையில் கை வைக்கவில்லை. கதையில் வைக்கிறேன். அந்த வடிவமைப்பாளருக்கு அலங்காரம் என்று பட்டப்பெயர் சூட்டுகிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை, அட்டவணையில் உள்ள எண்களைத் தவிர.

10

(பத்து இரண்டாவதாக வந்திருப்பது அச்சுப்பிழை இல்லை. இதுதான் கதையின் முடிவு. ஏன் இங்கே வந்து நிற்கிறது என்பதை ஆறில் சொல்கிறேன். படித்துவிட்டு ஓர் ஓரமாக வைத்திருங்கள்.)

காலை ஷிஃப்ட். சலவை நிலையத்தின் இஸ்திரிக் கூடம். பன்னிரண்டு மேசைகள் ஒரே வரிசையில். முதல் மேசையை ஒட்டிய சுவரோரம் ட்ரை கிளீனிங் மெஷின். அதற்கு மேலே சுவரை உடைத்துப் புதிதாகப் பொருத்திய இரண்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள். எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் தட்டினார்.

இரண்டாம் மேசையில் அக்கா விரித்திருந்த படுக்கை விரிப்பு எழும்பி ஃபேன் பக்கம் ஓடப் பார்த்தது. "பிடிங்க, பிடிங்க!" என்று கூடமே சிரித்தது. இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டு அக்காவும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவள் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, சத்தம் கேக்குதா? உன்னோட அலங்காரம் சுத்துதுடி!"

2

எப்படி ஆரம்பிப்பது?

'அவள் திரையைப் பார்த்தாள். திரையும் அவளைப்' — வேண்டாம். திரைக்கு ஏது கண்?

'எண்கள் பேசும் என்பார்கள்' — யார் சொன்னது? இத்தனை வருடத்தில் ஓர் எண்ணும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

சும்மா ஆரம்பிக்கிறேன். மதியம் ஒன்றே முக்கால். ஆய்வு அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மூன்று மணிக்குள் அறிக்கை சலவை நிலையத்துக்குப் போயாக வேண்டும். ஒன்பது அட்டவணைகளில் எட்டு தயார். நான்காவது மட்டும் பாக்கி, அது இப்போதுதான் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அலங்காரம் அதைத் திறக்கிறாள். புள்ளியியல் மென்பொருள் கக்கிப் போடும் அட்டவணைகளைக் கண்கொண்டு பார்க்கும்படி ஆக்குவது அவள் வேலை. கணக்குப் போடுபவர் தலைமைப் புள்ளியியலாளர். அவரைப் பெரிய புள்ளி என்பார்கள், அவர் காதுபடவே.

அவள் சேர்ந்த அன்றே அவர் எல்லை பிரித்துவிட்டார். "எண்ணைத் தொடாதீங்க. கோடு, எழுத்து, இடைவெளி, வரிசை, இதெல்லாம் உங்க ராஜ்யம். எண்ணு எங்க ராஜ்யம்." ஆறு வருடமாக அவள் எல்லை தாண்டியதில்லை. ஆறு வருடமாக எந்த அறிக்கையிலும் அவள் பெயர் வந்ததும் இல்லை. "அலங்காரத்துக்கெல்லாம் யாராவது பேர் போடுவாங்களா?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

[சிரிப்பாள் என்று எழுதிவிட்டேன். உள்ளுக்குள் எரிந்திருக்கும். எனக்கு எரிகிறதே. பிழை திருத்துபவர் பெயரையும் யாரும் போடுவதில்லை.]

3

மென்பொருளுக்கு ரசனை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒவ்வோர் எண்ணையும் நாலு பக்கமும் கோடு போட்டு ஜெயிலில் தள்ளும். அறுபது என்பதை 60.00000 என்று இழுக்கும். அலங்காரம் நெடுக்குக் கோடுகளை மொத்தமாக எடுத்தாள். மேலே ஒன்று, தலைப்புக்குக் கீழே ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்று குறுக்குக் கோடு போதும், அட்டவணை மூச்சுவிடும். வால் பூஜ்யங்களைத் துடைத்தாள். (பூஜ்யத்தைத் துடைப்பது எண்ணைத் தொடுவதாகாது என்பது பழைய ஒப்பந்தம்.) எண்களை வலப்பக்கம் ஒழுங்காக நிறுத்தினாள். 'கே17_அ' என்று கிடந்த தலைப்பை 'இருமல் உள்ளவர்கள் (சதவீதம்)' என்று மனித பாஷைக்குக் கொண்டுவந்தாள்.

(இங்கே ஒரு வாசகர் எழுந்து போகிறார். கோட்டை அழிப்பதெல்லாம் ஒரு கதையா என்கிறார். உட்காருங்கள் ஐயா, அக்கா வரப்போகிறாள்.)

4

அந்த இருமல் அலங்காரத்துக்குத் தெரிந்த இருமல்.

அக்காவுக்கு எட்டு மாதமாக இருக்கிறது. படுத்தால் இருமல், மாடி ஏறினால் இருமல், சிரித்தால் இருமல். "அந்த மெஷினோட மருந்து நெடிதாண்டி" என்பாள். நிலையத்து மேலாளர் கேட்கமாட்டார். "வீட்டுத் தூசியா இருக்கும், ஜன்னலைச் சாத்தி வைங்க" என்பார். ஆய்வுக்காரர்கள் வந்தபோது அக்கா வரிசையில் நின்று பதில் சொன்னாள். இருநூற்று நாற்பது பேரில் அவளும் ஒருத்தி.

அட்டவணைக்குக் கீழே பெரிய புள்ளியின் முடிவு தயாராக இருந்தது: 'வேலை செய்யும் மேசைக்கும் இருமலுக்கும் தொடர்பு காணப்படவில்லை.' மூன்று மணிக்கு இது போனால் வீட்டுத் தூசி ஜெயித்துவிடும். மெஷின் இருந்த இடத்தில் இருக்கும். அக்காவும் இருந்த இடத்தில் இருமிக்கொண்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

"என்னடி, எங்க கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொல்லுது?"

"இன்னும் முடிக்கலைக்கா."

மறுமுனையில் ஒரு நீண்ட இருமல். "நல்லாப் போடுடி," என்றாள் அக்கா. "நானும் அதுல இருக்கேன்."

5

மேசைக்கு இருபது பேர், மூன்று ஷிஃப்டும் சேர்த்து. திரையில் இருந்தது இது:

மேசை 1 — 60
மேசை 10 — 30
மேசை 11 — 25
மேசை 12 — 20
மேசை 2 — 55
மேசை 3 — 50
மேசை 4 — 50
மேசை 5 — 45
மேசை 6 — 40
மேசை 7 — 40
மேசை 8 — 35
மேசை 9 — 30

இந்த எண்களை நான் கதைக்காகச் சமைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் கதைக்காரன் சத்தியத்தை யார் நம்புவார்கள்?

6

பதிவு செய்தவர்கள் மேசைகளை 'மேசை 1', 'மேசை 2' என்று சொற்களாக அடித்திருந்தார்கள். மென்பொருள் அகராதி அடுக்குவதுபோல அடுக்கிவிட்டது. ஒன்றில் தொடங்குவதெல்லாம் முதலில், பிறகுதான் இரண்டு. போட்ட கணக்கும் அப்படியே. பன்னிரண்டு மேசைகளும் அதற்குப் பன்னிரண்டு பெயர்கள், அவ்வளவுதான். எது மெஷினுக்குப் பக்கம், எது தூரம் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. 'மேசைக்கு இருபதே பேர், பெயருக்குப் பெயர் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்' என்று அது கையை விரித்துவிட்டது.

அலங்காரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவளுக்கு உறுத்தியது கண்ணில். "ஒண்ணுக்கு அடுத்து பத்தா? பார்க்கச் சகிக்கலையே," என்று முணுமுணுத்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் பிடித்து இழுத்துக் கீழே விட்டாள். ஓர் எண்ணையும் தொடவில்லை. வலப்பக்கம் இப்போது இப்படி நின்றது:

60, 55, 50, 50, 45, 40, 40, 35, 30, 30, 25, 20.

படிக்கட்டு! மெஷினைவிட்டுத் தள்ளிப் போகப் போக இருமல் இறங்கிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில்கூட மேலே ஏறவில்லை. அக்காவின் மேசை மேலிருந்து இரண்டாவது படியில். 

(என் கதைக்கும் இதே கதிதான். ஒவ்வொரு பகுதியையும் தனிக் கோப்பாகச் சேமித்தேன். 'பகுதி 1', 'பகுதி 2' என்று. முடிவை முதலில் எழுதி அதற்குப் 'பகுதி 10' என்று பெயர் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னதும் கணினி பத்தைத் தூக்கி ஒன்றுக்குப் பின்னால் செருகிவிட்டது. திருத்த ஒரு நிமிடம் ஆகாது. திருத்தப் போவதில்லை.)

7

இப்போது அவள் என்ன செய்வாள்?

ஒரு வழி: பெரிய புள்ளி வில்லன். 'அவர் உதட்டைச் சுழித்து, "உன் வேலையைப் பார்" என்று' — எழுதிப் பார்த்தேன். இரண்டே வரியில் முறுக்கு மீசை வளர்ந்து நாடகக் கம்பெனி ஆளாகிவிட்டார். அழித்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒன்பது அட்டவணைகளை ஒரு வாரத்தில் போட்டவர், ஒன்றைச் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொரு வழி: யாரிடமும் மூச்சுவிடாமல் புது அட்டவணையை அனுப்பிவிடுவது. மேலே படிக்கட்டு, கீழே 'தொடர்பு காணப்படவில்லை'. மேலாளர் கீழே உள்ளதை மட்டும் படிப்பார். தவிர, திருட்டுத்தனம் அவளுக்கு வராது.

ஆகவே எழுந்தாள். மணி இரண்டு பத்து. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு நடந்தாள்.

8

"சார், நாலாவது அட்டவணை."

"முடிஞ்சுதா? அனுப்பிடுங்க."

"ஒரு தடவை பார்த்துடுங்க சார்."

"அலங்காரத்துல நான் பார்க்க என்ன இருக்கு?"

"பாருங்க சார்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எண்ணை மாத்தினீங்களா?"

"ஒண்ணைக்கூடத் தொடலை. இடம் மாறிக் கிடந்த மூணு மேசையை அதது இடத்துல வச்சேன். வரிசை என் ராஜ்யம்தானே சார்?"

அவர் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே படிப்படியாக இறக்கினார். "மெஷின் எந்தப் பக்கம்?" என்றார்.

"ஒண்ணாம் மேசைப் பக்கம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் அவள் நடந்து வந்திருந்தாள்.

"எங்க அக்கா ரெண்டாவது மேசைல நிக்கறா சார்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்லியிருந்தா இந்த அட்டவணை என் கைக்கே வந்திருக்காது. சொல்லாதது தப்புதான். ஆனா இந்தப் படிக்கட்டு தப்பில்லை சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேசைகளின் வரிசையையும் கணக்கில் சேர்த்து, வேறொரு சோதனையைத் தானே ஓட்டினார். தற்செயலாக இப்படி ஓர் இறக்கம் அமைய எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு மென்பொருள் விடை சொன்னது: 0.000.

"பூஜ்யமா!" என்றார் பெரிய புள்ளி.

"பூஜ்யம்னு விடக்கூடாது சார். 'ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு'ன்னு எழுதணும். அதுவும் என் ராஜ்யம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் கையாலேயே தன் முடிவை அழித்தார், ஓர் எழுத்து மிச்சமில்லாமல்.

9

"உங்க அக்கா விஷயத்தையும் போட்டுடணும்," என்றார். "மறைச்சா நாளைக்கு அந்த மேனேஜர் அதையே பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் குப்பைல போடுவார். நாமளே சொல்லிட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. எண்ணெல்லாம் அப்படியேதானே இருக்கு?"

அடிக்குறிப்பை அலங்காரமே தட்டினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஓர் அறிக்கைக்குள் அவள் வந்தாள். பெயர் இல்லைதான். அதனால் என்ன, அக்காவோடு வந்தாள். பொடி எழுத்தில் அந்த வரியைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, முற்றுப்புள்ளிக்கு முன்னால் கிடந்த ஓர் அதிகப்படி இடைவெளியை எடுத்தாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. அவள் ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, முடிச்சுட்டேன். நீ ரெண்டாவது படில இருக்கே."

"என்னடி உளர்றே?"

"உன் இருமல் வீட்டுத் தூசி இல்லைக்கா. எழுத்துல போட்டாச்சு!"

கற்பனை இங்கே நிற்கட்டும், இனி அறிக்கை சொன்னது மட்டும். 'மெஷின் அருகே காற்றுப்போக்கி அமைக்கப்பட வேண்டும்' என்று எண்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அமைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை அந்த அலுவலகத்துக்கு எழுதத் தொடங்கி, 'அன்புடையீர், அந்த அக்கா இப்போது' என்பதோடு நிறுத்திவிட்டேன். நான் கண்ணால் கண்டது படிக்கட்டையும் அதன் கீழே இருந்த அந்த ஒரு வரியையும் மட்டுமே.

முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், தன் இடம் தெரியாமல் நிற்கிறது. ஃபேன் ஓடுகிறது, விரிப்பு பறக்கிறது, அக்கா ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள். நான் அதைத் தொடமாட்டேன். நீங்கள் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே, இந்த வரிக்குக் கீழே விடுங்கள். வரிசை இனி உங்கள் ராஜ்யம்.