இடது பின்சக்கரம்

ரியாசுதீனின் பிக்கப் வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். கள்ளக்குறிச்சியில் சாமை, தினை, கடுக்காய், புளி வாங்கி விற்கும் கடை அவருடையது. வாரத்தில் மூன்று நாள் கல்வராயன் மலைக்கு ஏறி, ஊர் ஊராக மூட்டை எடுத்துக்கொண்டு இறங்குவார். அந்த வண்டியில் அவர் கை படாத இடம் கிடையாது. பாரம் தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டது அவர்தான். தொட்டியைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து ஒன்றரை அடி உயர்த்தியதும் அவர்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி உடைந்தபோது, பழைய தையல் மெஷினின் கைப்பிடியை அரத்தால் ராவி மாட்டிவிட்டார். பட்டறைக்காரர்களே சில சமயம் கூப்பிட்டு, "பாய், இத்த கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அதில் அவருக்குப் பெருமை. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்து டயரில் வழிந்திருந்தது. கழற்றிப் பார்த்தார். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் போயிருந்தது. பழைய மாடல் என்பதால் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் வண்டி நின்றால் மூட்டைகள் வேறு வியாபாரி கைக்குப் போய்விடும். அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை அவிழ்த்து, அதன் வாயில் ஒரு சின்ன பேரிங் குண்டை வைத்து நட்டை இறுக்கினார். இனி ஆயில் அந்தப் பக்கம் போகாது, கசியாது. மற்ற மூன்று சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்.

பைப்பைத் திறந்ததால் உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கீழே படுத்து ஸ்குருவைத் திறந்து மூட, இன்னொருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். மேலே உட்காருவது எப்போதும் அவர் மனைவி அஸ்ரப் நிஷாதான்.

"மிதி... அப்படியே புடி... ம், வுடு."

மூன்று சக்கரம் முடிந்ததும் அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்ததைப் பார்த்து அவள் எட்டிக் கேட்டாள். "இன்னாங்க, அந்த இன்னொரு சக்கரம்?"

"அதுக்கு இப்ப பிரேக் இல்ல. அடச்சி வச்சிருக்கேன்."

"மலைக்குப் போற வண்டிங்க இது."

"நாலு நாளுதானே. நான்தானே ஓட்டப்போறேன்."

ஐந்தாம் நாள் சேலத்துப் பெட்டி வந்தது. அதற்குள் இரண்டு தடவை மலை ஏறி இறங்கியிருந்தார். அழுத்தி மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுத்தது. இழுப்பதற்கு முன்பே ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை இடது பக்கம் பிடித்துக்கொள்ள அவர் கை பழகிவிட்டது. பெட்டியைப் பிரிக்காமலே கடை அலமாரியில் வைத்தார். நாளைக்கு மாட்டலாம், வெள்ளிக்கிழமை மாட்டலாம் என்று மூன்று வாரம் போனது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மாதன் இருந்தார். பதினைந்து வருஷமாக அவர் நிலத்துச் சாமை ரியாசுதீனுக்குத்தான். ரியாசுதீனின் மகள் சப்ரின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு இறங்கி வந்து, இரண்டு நாள் தங்கிப் பந்தலைப் பிரித்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர். மாதனின் மருமகன் கலைவாணன் முன்பு ஜீப் ஓட்டினான். குடிப்பழக்கத்தால் அந்த வேலை போயிற்று. இரண்டு வருஷமாக விட்டுவிட்டான். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். மாதனின் மகள் மணிமொழி அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி இருபத்தைந்தாம் தேதி வாக்கில் மாதன் போன் செய்தார். மருமகன் வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும், வண்டி கிடைக்குமா என்று. அன்றைக்கு மூங்கில்துறைப்பட்டில் ரியாசுதீனுக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். "கலைவாணன அனுப்புங்க மாதண்ணே. வண்டிய எடுத்துக்கினு போவட்டும். நாளைக்குக் கொண்டாந்து வுட்டா போதும்" என்றார்.

சாவியைக் கொடுக்கும்போது, "லேசா ரைட்ல இழுக்கும். பாத்து ஓட்டுப்பா" என்றார்.

"சரிங்க பாய்."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் இழுக்கும் என்று சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. சொன்னால், ஏன் இன்னும் சரி பண்ணவில்லை என்று அந்தப் பையன் மனசுக்குள்ளாவது கேட்பான். ரியாசுதீனுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் மலையில் நல்ல மழை. வெற்று வண்டியோடு கலைவாணன் இறங்கினான். டாக்டரிடம் கண் காட்ட வேண்டும் என்று மாமியார் பெருமாயியும் கூட ஏறிக்கொண்டாள். பாதி இறக்கத்தில் ஒரு வளைவைத் திரும்பியதும் நடு ரோட்டில் மாடுகள். அவன் அழுத்தி மிதித்தான். வண்டி வலது பக்கம் சுண்டித் திரும்பிப் பாறையில் போய் மோதியது.

செய்தி கேட்டு ரியாசுதீன் பைக்கில் கச்சிராயபாளையம் வழியாக ஏறினார். அதற்குள் பெருமாயியை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். வண்டி பாறையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. ஈர ரோட்டில் பின்சக்கரம் தேய்ந்த தடம் ஒன்றே ஒன்று, வலது பக்கத்துடையது. இடது சக்கரத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. அவர் திரும்பி, இதற்கு முந்தின வளைவைப் பார்த்தார். அங்கே வலது பக்கம் பாறை இல்லை, பள்ளம்.

"டிரைவர் ஃபுல்லா ஏத்திக்கினு வந்திருப்பான் பாய்" என்றார் கூட்டத்தில் ஒருவர். ரியாசுதீன் நனைந்த டயரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் பெருமாயிக்கு வலது தோள் நொறுங்கியிருந்தது, காறை எலும்பும் உடைந்திருந்தது. கலைவாணனுக்கு நெற்றியில் நான்கு தையல், அவ்வளவுதான். அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று. மணிமொழி அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நான் குடிக்கல. பிரேக்கு அடிச்சதும் வண்டி தானா திரும்பிச்சு. பாய், நீங்களே சொல்லுங்க, வண்டி இழுக்குதுன்னு சொன்னீங்க இல்ல?"

எல்லோரும் ரியாசுதீனைப் பார்த்தார்கள்.

"லேசா இழுக்கும்" என்றார் அவர்.

"லேசா இழுக்கறதுக்கு மலையிலயா கொண்டுபோய் மோதுவாங்க?" என்றார் மாதன். "வாய மூடிக்கினு ஒக்காரு." பிறகு ரியாசுதீனின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிக்கோங்க பாய். நம்பிக் குடுத்தீங்க. இப்படிப் பண்ணிட்டான்."

குடும்பத்துக்குள் நடந்தது, கேஸ் வேண்டாம் என்று போலீசில் எழுதிக் கொடுத்ததும் மாதன்தான்.

வண்டியை இழுத்து வந்து கடைக்குப் பின்னால் கொட்டகையில் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை தானே வந்து கூட இருந்து சரி பண்ணித் தருவதாக மாதன் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரியாசுதீன் கடையைப் பாதி சாத்திவிட்டு, அலமாரியிலிருந்த பெட்டியைப் பிரித்தார். குண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார். புது சிலிண்டரை மாட்டி பைப்பைச் சேர்த்தார். பிறகு வீட்டு வாசலில் போய் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

அஸ்ரப் நிஷா வந்து சக்கரத்தைப் பார்த்தாள். "இப்பவா மாட்டறீங்க?"

"ஏறி ஒக்காரு."

"நாளைக்கி அந்த அண்ணன் வர்றாரு. அதனாலதானே?"

"மிதி, நிஷா."

அவள் மிதித்தாள். புடி, வுடு என்று அவர் சொன்னதற்கெல்லாம் செய்தாள். முடிந்ததும் இறங்கி, "இதுல என் காலும் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று அவருக்குச் சோறு வைத்தாள், பேசவில்லை.

மாதன் சொன்னபடி புதன்கிழமை வந்தார். இரண்டு நாள் கொட்டகையில் வேலை நடந்தது. வளைந்த பம்பரைக் கழற்றித் தட்டி நிமிர்த்தினார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து ரேடியேட்டர் வாங்கி வந்து, பொருந்தாத இடத்தில் தாங்கி வைத்து மாட்டினார்கள். மாதனுக்கு இந்த வேலை தெரியாது. ஆனாலும் சொன்ன இடத்தில் பிடித்தார், தூக்கச் சொன்னதைத் தூக்கினார். நடுநடுவே வீட்டுச் சேதியும் சொன்னார். மணிமொழி பிள்ளையோடு தன்னிடம் வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கலைவாணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் புதுத் தகரத்தின் கீழே தனியாகக் கிடக்கிறான்.

"ஊதிப் பாத்தாங்களாமே ஆஸ்பத்திரியில? ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே" என்றார் ரியாசுதீன்.

"அதெல்லாம் யாரு பாய் நம்பறாங்க? மின்ன குடிச்சவன்தானே."

வியாழக்கிழமை மாலை வண்டியை ஓட்டிப் பார்க்கக் கச்சிராயபாளையம் ரோட்டில் கிளம்பினார்கள். ஆளில்லாத இடத்தில் ரியாசுதீன் வேகமெடுத்து, முழுசாக மிதித்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

மாதன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா. வண்டி மேல இன்னா தப்பு இருக்குது? மனசு ஓரத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு பாய். அவன் சொல்றது நெசமா இருக்குமோன்னு. இப்பப் போச்சு. மணிமொழிய அவன்கிட்ட அனுப்பறதா இல்ல."

ரியாசுதீன் என்ஜினை நிறுத்தினார். ஒரு கரும்பு டிராக்டர் கடந்து போனது.

"மாதண்ணே, அன்னைக்கி இந்த வண்டியில ஒரு சக்கரத்துக்கு பிரேக் இல்ல."

மாதனுக்குப் புரியவில்லை. ரியாசுதீன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கசிந்தது, குண்டு வைத்து அடைத்தது, சிலிண்டர் வந்தும் மாட்டாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னார்.

"எப்ப சரி பண்ணின?" என்றார் மாதன்.

"செவ்வாக்கெழம. நீங்க வர்றதுக்கு மொத நாளு."

"நான் ரெண்டு நாளா உங்கூட வேல செஞ்சிருக்கேன்."

பதினைந்து வருஷத்தில் மாதன் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்து இறங்கினார். "அண்ணே, வுட்டுட்டு வர்றேன், ஏறுங்க" என்று ரியாசுதீன் சொன்னது காதில் விழாத மாதிரி நடந்தார். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை ரியாசுதீன் பஸ்ஸில் மலைக்குப் போனார். அஸ்ரப் நிஷாவும் கூட வந்தாள். மாதன் வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே, எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். மணிமொழி பாதியிலேயே எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலைவாணன் வீட்டைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கலைவாணனே வந்தான். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில நான் உங்களக் கேட்டப்ப நீங்க அங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமாப்பா."

"எல்லாம் தெரிஞ்சிதானே?"

"தெரிஞ்சிதான்."

அவன் அடிப்பான் என்று ரியாசுதீன் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன், "பள்ளிக்கூடத்துல வந்து இதையே சொல்லுங்க" என்றான். போய்ச் சொன்னார். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஆள் போட்டு ஒரு வாரம் ஆகிறது என்றார்.

அந்த வருஷம் மாதன் நிலத்துச் சாமை சங்கராபுரத்து வியாபாரிக்குப் போனது. சுற்றியுள்ள நாலு வீடும் அங்கேயே போட்டன. ரியாசுதீன் இப்போதும் மலைக்குப் போகிறார், வேறு ஊர்களுக்கு. பிரேக் வேலை மட்டும் பட்டறையில் கொடுக்கிறார். மற்றதைத் தானே செய்கிறார், ஆனால் யாராவது "பாய், இத்த கொஞ்சம் பாருங்க" என்றால் நேரமில்லை என்று சொல்லிவிடுகிறார்.

தை மாதத்தில் ஒருநாள் வெள்ளிமலைச் சந்தையில் பெருமாயியைப் பார்த்தார். ஒதுங்கிப் போக நினைத்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"கட்டு பிரிச்சிட்டாங்களாம்மா?"

"பிரிச்சாச்சு பாய். கை தோளுக்கு மேல போவல. முடி முடிய மணிமொழிதான் வர்றா." அவள் குரலில் கோபம் இல்லை. விசாரித்தவருக்குச் சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "உங்க வூட்டு அம்மா வந்துட்டுப் போனாங்க, ரெண்டு தபா. தைலம் குடுத்தாங்க."

அஸ்ரப் நிஷா தனியாக மலை ஏறியது அவருக்குத் தெரியாது. தலையாட்டினார். பெருமாயி உப்புப் பையை இடது கையில் மாற்றிக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். படியில் ஏறும்போது கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினாள், அது எட்டவில்லை. கண்டக்டர் அவள் முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டான்.