அடப்பங்கொடிக் கட்டு

எல்லப்பனின் வலது காலில் இருந்த கட்டைப் பிரிக்க ஆளில்லை. பிணத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட, கடைசியில் அவன் மனைவி சங்கரிதான் உட்கார்ந்தாள். பதினோரு நாளாக அவளே கட்டிய கட்டு. துணிக்கு அடியில் அரைத்து வைத்த அடப்பங்கொடி இலை கறுத்துப் போயிருந்தது. அதற்கும் அடியில் இருந்ததைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா கண்றாவிய வச்சி கட்டிகீறே?" என்றாள் நாத்தனார் பூங்கொடி, தெருவுக்கே கேட்கும்படி.

சங்கரி எல்லப்பனின் அண்ணன் ஆனந்தனை நிமிர்ந்து பார்த்தாள். சர்க்கரைப் புண் பெரிதான அன்றைக்கே புருஷனைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்த புண்ணியவான் இவன்தான்.

"போனா கால வெட்டிதான் அனுப்புவான். எந்தம்பி நொண்டியா கெடக்கணுமா?" என்றான். போனில் வீடியோ வேறு காட்டினான். பாலைவன மணலில் படரும் ஏதோ கொடி புண்ணை ஆற்றுகிறதாம். "அதே சாதிதான் நம்ம திருவிடந்தை கடக்கரையில கீற அடப்பங்கொடி. கடல் சொறி பட்டா மீன்காரங்க இதத்தான் வச்சி கட்றாங்க."

கடல் சொறி என்கிற ஜெல்லி மீன் பட்ட தடிப்பும் சர்க்கரைப் புண்ணும் ஒன்றா என்று கேட்க அந்த வீட்டில் எவருக்கும் வாய் வரவில்லை. சங்கரியும் தினமும் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பறித்து வந்தாள்.

இப்போதாவது ஆனந்தன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லித்தான் கட்டினாள் என்று ஒரு வார்த்தை போதும்.

ஆனந்தன் துண்டால் கண்ணைத் துடைத்தான். "பொம்பள பேச்ச கேட்டு வுட்டுட்டமே. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருந்தா பொழச்சிருப்பான்."

"மாமா, நீங்கதானே…"

மேளம் தொடங்கிவிட்டது. கூட்டம் அவளை மேலும் கீழும் பார்த்தது.

வழக்கப்படி ஆண்கள் வெறுங்காலோடு சுடுகாட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போது ஆனந்தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். கருவேல முள், கடுகளவு ரத்தம். அவனுக்கும் சர்க்கரை உண்டு. முகம் வெளுத்துப் போயிற்று.

"சங்கரி, தம்பி வண்டி சாவி எங்க? சீக்கிரம் குடும்மா. ஆஸ்பத்திரி போயி ஒரு ஊசி போட்டுக்கினு வந்துர்றேன்."

"லேட் பண்ணாத அண்ணா, சக்கர ஒடம்பு, தாங்காது," என்றாள் பூங்கொடி.

சங்கரி சாவியைக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டான். "ஒண்ணுமில்ல, முள்ள எடுத்துட்டாங்க," என்றதும் சொந்தபந்தம் மொத்தமும் நிம்மதியாக மூச்சுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூல்மேல் நீட்டினான். பூங்கொடி சொன்னாள் என்று, சங்கரி உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள்.