மேட்டில் நின்ற வண்டி

மெக்கானிக் ஸ்தாமென் நான்காவது ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பட்டறை வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். மூன்றாவதிலும் அதே விரிசல். இரண்டு சிலிண்டர் செத்துப்போனால் எந்த வண்டி மலை ஏறும்?

எதிரே ஸ்லாத்தினா கைகட்டி நின்றாள். ரோடோப் மலையில் ஐந்து கிராமங்களுக்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். ஆம்புலன்ஸ் வருவது நின்றுபோனதிலிருந்து, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவளுடைய இந்தப் பழைய கார்தான்.

முந்தின நாள் காலை, நெஞ்சுவலியில் துடித்த தபால்காரர் வெலிச்கோவைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினாள். கணவாய் மேட்டில் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வெலிச்கோவின் மூச்சு அவள் மடியிலேயே அடங்கிவிட்டது.

"அண்ணே, நான் கியரைத் தப்பாப் போட்டுட்டேனா? அவர் பொண்டாட்டி என் முகத்தையே பார்க்க மாட்டேங்குறா."

"மேடு... குளிர்... வண்டியும் பழசு," என்று முனகினார் ஸ்தாமென்.

"அப்போ என் தப்புதான். பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே அவரை ஏத்தினேன். இந்த வேலையே வேண்டாம்ணே. எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

ஸ்தாமென் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். போன மாதம் உதிரிபாக வியாபாரி கிரில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு அது. பெட்டியில் எழுத்தே கோணல். "போலியாடா?" என்று கேட்டதற்கு, "எல்லாப் பட்டறையிலயும் இதுதான் ஓடுது. நீ மட்டும் பெரிய புனிதனா?" என்று கிரில் சிரித்தான். ஸ்தாமெனும் சேர்ந்து சிரித்தார்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றார். "பிளக் போலி. தெரிஞ்சேதான் போட்டேன்."

அவள் அந்தப் பிளக்கை வாங்கி விரிசலைப் பார்த்தாள். பிறகு, "மதியம் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டுப் போகணும். இப்ப நல்ல பிளக் இருக்கா?" என்றாள்.

கிரிலின் சரக்கு இருந்த அலமாரிப் பக்கம் ஸ்தாமென் போகவே இல்லை. மூலையில் நின்ற தன் சொந்தக் காரின் பானட்டைத் திறந்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி வந்து அவள் வண்டியில் மாட்டினார். இன்ஜின் சீராக உறுமியது.

"ஓ! உங்க வண்டிக்கு மட்டும் அசலா?" என்றாள் ஸ்லாத்தினா.

அவர் தலை குனிந்தபடி பானட்டை மூடினார்.

"இன்னும் யாருக்கெல்லாம் போட்டீங்க?"

"பன்னெண்டு வண்டி இருக்கும். உள்ளூர்க்காரங்களைப் போய்ப் பார்த்துக் கழட்டிடறேன். அஞ்சு வண்டி வழியில போனவங்களோடது. பேர்கூடத் தெரியாது. எல்லாரும் செய்யறாங்களேன்னு நானும்..."

ஸ்லாத்தினா கார்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி, கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள்:

"எல்லாரும்தான் செய்யறாங்க. ஆனா நேத்து மேட்டுல வண்டி நின்னப்போ, அந்த எல்லாரும் வரலண்ணே. நானும் வெலிச்கோவும் மட்டும்தான் இருந்தோம். ஊரே தப்புப் பண்ணினாலும், தெரிஞ்சு பண்றவன் கையிலதான் ரத்தம் ஒட்டும். இனிமே நீங்க எத்தனை அசல் மாட்டினாலும் அது போகாது."