வறட்சி சாமி

ஒரு படத்தில் யாரை வேண்டுமானாலும் வில்லனாகப் போடலாம், மனைவியின் அண்ணனை மட்டும் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். இந்த இரண்டையும் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் எழுதிய கதையே படமாக வந்திருக்கும்.

என் பெயர் தமிழழகன். கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுப்பவன். சரியாகத் தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கேமராவுக்கு முன்னால் முதுகைக் கொண்டுவந்து நிறுத்தும் சித்தப்பாக்களோடு மல்லுக்கட்டியே என் பாதி ஆயுள் போய்விட்டது. முதுகு இல்லாத ஒரு படம், ஒரே ஒரு படம், எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. என் மாமனார் நாராயணசாமிக்கு வடக்கனந்தலில் நிலமும், நெல் அறுக்கும் மிஷினும் இருக்கின்றன. அந்த மிஷினில் என்னை ஏற்றி உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டு ஆசைக்கும் சேர்த்து ஒரு பஞ்சாயத்து வைத்தார்.

"நான் வாணாம்னு சொல்லல மாப்ள. படத்த எடுங்க. காணும் பொங்கல் அன்னிக்கி நம்ம ஊர்லியே போட்டுக் காட்டுங்க. ஜனம் கடசி வரைக்கும் குந்திப் பாத்துச்சின்னா, நீங்க காலத்துக்கும் கேமராவே புடிங்க. பாதில எழுந்து போச்சின்னா கேமராவ மூட்ட கட்டிப் போட்டுட்டு மிஷின்ல ஏறிடணும். இன்னா சொல்றீங்க?"

சரி என்றேன். வாயில் அதிரசம் இருந்தது. அதற்கு மேல் பேச வழியில்லை.

கதை என்னிடம் தயாராக இருந்தது. கல்வராயன் மலையில் ஒரு சுனைத் தண்ணீரைக் குடித்த பையனுக்கு அபூர்வ சக்தி வந்துவிடுகிறது. அவன் விரலை நீட்டிய இடத்தில் தண்ணீர் பீறிடும். பச்சை முகமூடி, தோளில் பச்சைத் துண்டு, பெயர் கோமுகி மேன். அவனுக்கு எதிரி, பூமிக்கு அடியில் இருக்கும் நீரையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் ஒரு கொடியவன். அவன் பெயர் வறட்சி. கடைசியில் கோமுகி மேன் அவனை அடித்து வீழ்த்துவான், கோமுகி அணை நிறையும், சுபம். நேர்கோடு மாதிரி கதை. இதில் குழப்பம் வர ஒரு சந்து பொந்து இல்லை என்று நம்பினேன்.

ஹீரோவாக, கல்யாணங்களில் எனக்கு லைட் பிடிக்கும் ஆகாஷைப் போட்டேன். ஒல்லியாக இருப்பான், ஆனால் நன்றாகத் தாவுவான். வில்லன்தான் கிடைக்கவில்லை. என் மனைவி அபிநயா வழி சொன்னாள்.

"எங்க அண்ணன் இருக்கறப்ப ஊரெல்லாம் ஏன் தேடறீங்க? அது சிரிச்சா ஆடெல்லாம் கயித்த அத்துக்கினு ஓடுமே."

அவள் அண்ணன் அருள்மொழி போர்வெல் வண்டிக்கு ஏஜென்ட். ஊர் ஊராகப் போய் பூமியில் ஓட்டை போடுகிறவர். வறட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. கூடவே வில்லனுக்கு வாகனமாக ஒரு போர்வெல் லாரியும் வந்தது.

அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. அணையில் தரை தெரிந்தது. வெடித்த மண்ணில் மச்சான் பேன்ட் சட்டையோடு, மழுங்கச் சிரைத்த முகத்தோடு நின்று, "டேய் கோமுகி! ஒரு சொட்டுத் தண்ணி இருக்க வுட மாட்டேன்டா!" என்று சிரித்தார். கேமரா பிடித்திருந்த நானே ஒரு அடி பின்னால் போனேன். அன்று ராத்திரி நான் அபிநயாவிடம், நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன்.

கார்த்திகை பிறந்தது. அடுத்த ஷூட்டிங்குக்கு மச்சான் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய சந்தனம், காலில் செருப்பு இல்லாமல் வந்து இறங்கினார்.

"சாமி சரணம். எங்க நிக்கணும் மாப்ள சாமி?"

சபரிமலைக்கு வருஷா வருஷம் போகிறவர். எனக்கும் தெரியும். வில்லன் கிடைத்த சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன். மாலையைக் கழற்றச் சொல்ல முடியுமா? பேன்ட் போடச் சொல்ல முடியுமா? சரி, கறுப்பு வில்லனுக்கு ஆகிற நிறம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு "ஆக்‌ஷன்" சொன்னேன்.

"சாமி கோமுகி," என்றார் மச்சான் பவ்யமாக. "ஒரு சொட்டுத் தண்ணி இருக்க வுட மாட்டேன் சாமி."

"மச்சான், டேய்னு சொல்லணும்."

"மால போட்டுக்கினு யாரயும் டேய்னு சொல்லக் கூடாது மாப்ள சாமி. பாவம்."

ஆகாஷாவது திருப்பித் திட்டுவான் என்று பார்த்தால், அவன் அதற்கு மேல். "மால போட்டவர எப்டிண்ணா வாடா போடான்றது? எங்கம்மா வூட்ல சேக்காது," என்றான். ஆக, ஹீரோவும் வில்லனும் ஒருவரை ஒருவர் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே அழிக்கப் பார்த்தார்கள். "உங்கள ஒழிக்காம வுட மாட்டேன் சாமி." "முடிஞ்சா ஒழிச்சிப் பாருங்க சாமி." சம்பந்தி வீட்டில் சாப்பிடச் சொல்லி உபசரிப்பது போல இருந்தது. வேறு வழியில்லாமல், வறட்சி காட்டில் தவம் செய்து வரம் வாங்கி வந்துவிட்டான் என்று என் குரலிலேயே ஒரு பின்னணி வசனத்தைச் சேர்த்தேன். நேர்கோட்டில் விழுந்த முதல் வளைவு அதுதான்.

அடுத்தது தாடி. மச்சானுக்கு அது கம்பங்கொல்லை மாதிரி வளர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் நுழையும்போது மொழுமொழுவென்று இருக்கும் வில்லன், உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும்போது நெஞ்சு வரை தாடியோடு இருந்தான். தண்ணீரைக் குடிக்கக் குடிக்க வறட்சிக்குத் தாடி வளரும் என்று இன்னொரு பின்னணி வசனம்.

பிறகு மழை வந்தது. ஐப்பசியில் பாக்கி வைத்ததையும் சேர்த்துக் கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. அணை தளும்பியது. வடக்கனந்தலில் விவசாயிகள் எல்லாரும் சிரித்த முகமாகத் திரிய, நான் ஒருவன் மட்டும் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். நிறைந்த அணைக்கு முன்னால் நின்று வறட்சி எதைச் சொல்லி மிரட்டுவான்? ஹீரோ விரலை நீட்டித் தண்ணீர் வரவழைத்தால் எவன் கைதட்டுவான்? அவன் முழங்கால் வரை ஏற்கெனவே தண்ணீரில் அல்லவா நின்றுகொண்டிருக்கிறான்? ஆகவே, குடித்த நீரையெல்லாம் வறட்சி ஒரே மூச்சில் கக்கிவிட்டான் என்று மாற்றினேன். ஊரைக் காப்பாற்றக் கோமுகி மேன் இப்போது விரலால் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். அதாவது வறட்சி வெள்ளத்தைக் கொண்டுவருகிறான், கோமுகி மேன் ஊரைக் காயவைக்கிறான்.

"அண்ணே, இப்ப நான் நல்லவனா கெட்டவனா?" என்று ஆகாஷ் கேட்டான்.

"நீ தாவு. மத்தத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

இத்தனைக்கும் நடுவே, மாமனார் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு தினமும் கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடிதடி என்று ஆரம்பித்தாலே கையை உயர்த்துவார். "மாப்ள, மால போட்டுக்கினு கீற புள்ள மேல கை வெக்கக் கூடாது." ஹீரோ வில்லனை அடிக்காமலேயே முக்கால் படம் முடிந்தது.

கல்வராயன் மலையில் எடுத்தது இன்னும் விசேஷம். வெள்ளிமலைக்குப் போகும் வழியில், வறட்சி மலை ஜனங்களை மிரட்டும் காட்சி. நடிக்க வந்த பெண்கள் தாடியையும் மாலையையும் பார்த்தார்கள், மிரளவில்லை. ஒரு அம்மாள் மச்சான் முன்னால் குழந்தையை நீட்டி, "வெபூதி வெச்சி வுடுங்க சாமி, ராவெல்லாம் அழுவுது," என்றாள். அவர் மனமுருகி வைத்துவிட்டார். பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. ஓடிய பஸ்ஸும் நின்று, நாலு பேர் இறங்கி அவர்களும் பூசிக்கொண்டார்கள். ஹீரோவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஒரு பலா மரத்தடியில் முகமூடியோடு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். மக்கள் மனத்தை வறட்சி மயக்கிவிட்டான் என்று அன்று சாயந்தரம் எழுதினேன். வில்லன் ஒவ்வொரு படி ஏறும்போதும் என் கதை ஒரு படி சறுக்கியது. பின்னணி வசனமே பாதிப் படத்துக்கு வந்துவிட்டது.

ஒருவழியாக மச்சான் சபரிமலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி, தாடியை எடுத்துவிட்டு வந்தார். இனிமேல் அடிக்கலாம், டேய் போடலாம். கடைசிச் சண்டை ஒன்றுதான் பாக்கி. விடிந்தால் ஷூட்டிங் என்கிற நிலையில் ஆகாஷ் போன் செய்தான்.

"அண்ணே, ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேல கெடச்சிடுச்சிண்ணே. பஸ்ல போய்க்கினு இருக்கறேன். முகமூடிய ஸ்டுடியோல மாட்டி வெச்சிருக்கேன்."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பொங்கல் வாசலில் நின்றது. மிஷினின் சத்தம் இப்போதே காதில் கேட்டது. அபிநயா எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"முகமூடிக்குள்ள யார் இருந்தா உங்களுக்கு இன்னா? நான் போட்டுக்கறேன். எங்க அண்ணன நான் அடிச்சா எங்கப்பாவால ஒண்ணும் கேக்க முடியாது."

மறுநாள் அணைக்கரையில் எடுத்தோம். அறுப்புக் காலம் தொடங்கிவிட்டதால் மாமனார் மிஷினோடு போயிருந்தார், அன்று சேர் காலி. ஒரே ஒரு அறை, மச்சான் மண்டி போட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுத்தேன். அறை சரியாக விழுந்தது. மண்டியும் போட்டார். ஆனால் அபிநயா அதோடு நிறுத்தவில்லை. முகமூடியை இழுத்துக் கழற்றினாள்.

"எனக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடச்சிச்சே, அனுப்ப வாணாம், பொண்ணு கெட்டுப் போயிடும்னு அப்பா காதுல ஓதுனது யாரு? நீதான? நான் கெட்டுப் போறவளாண்ணா? ஒரு நாளாவது என்ன கேட்டியா?"

இது என் கதையில் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடமும் சொன்னதில்லை. கட் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கேமராவை ஓடவிட்டேன். மச்சான் மண்டி போட்டபடியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றோ. "தப்புதான் பாப்பா," என்றார். "அப்ப புத்தி இல்ல. தப்புதான்."

வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தை வெட்டிவிடட்டுமா என்று அவளைக் கேட்டேன். "இருக்கட்டும்," என்றாள். கோமுகி மேன் உண்மையில் வறட்சியின் தங்கை என்று கடைசிப் பின்னணி வசனத்தைப் பேசி முடித்தேன்.

காணும் பொங்கல் சாயந்தரம், மாரியம்மன் கோயில் திடலில் வெள்ளைத் திரை கட்டினோம். ஊரே வந்திருந்தது. மாமனார் முதல் வரிசையில் சேர் போட்டு உட்கார்ந்து, அடிக்கொரு தரம் பின்னால் திரும்பி யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்த்தார். அபிநயா கடைசியில், புரொஜெக்டருக்கும் பின்னால், புளியமரத்தை ஒட்டி நின்றாள்.

முதல் "சாமி"க்கே திடல் குலுங்கியது. பயமுறுத்த நான் எடுத்த படத்தைப் பார்த்து ஜனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. தாடி வளர்ந்தபோது விசிலடித்தார்கள். திரையில் வறட்சி விபூதி பூசியபோது, "எனக்கும் வைங்க சாமி!" என்று ஒருவர் நெற்றியை நீட்டினார். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, அப்புறம் பார்த்தால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எப்படியானால் என்ன, ஒருவரும் எழுந்து போகவில்லையே.

கடைசிக் காட்சி வந்தது. அறை விழுந்தது, கைதட்டல் பறந்தது. முகமூடி கழன்றது. அபிநயா பேசப் பேசத் திடல் அடங்கிப் போயிற்று. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் பாப்பா" என்று திரையில் அவர் சொன்னபோது, முதல் வரிசையில் ஒரு சேர் பின்னால் நகர்ந்தது. மாமனார் எழுந்தார். படம் இன்னும் முடியவில்லை. யாரையும் பார்க்காமல், திரை வெளிச்சத்தில் முகம் தெரியாமல் துண்டால் மறைத்துக்கொண்டு, சேர்களுக்கு நடுவே நடந்து என்னைத் தாண்டிப் போனார். போயிற்று, என் கேமரா போயிற்று என்று நினைத்தேன்.

சுபம் போட்டதும் திரும்பிப் பார்த்தேன். மாமனார் புளியமரத்தடியில் நின்றிருந்தார். மகளுடைய கையைப் பிடித்திருந்தார். அவர் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. நேரே அவரிடம் போனேன்.

"மாமா, பாதில ஒருத்தர் எழுந்து போயிட்டாருங்க. சொன்ன வார்த்த சொன்னதுதான். எப்பலேர்ந்து மிஷினுக்கு வரணும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஜனம் எழுந்து போனாத்தான கணக்கு?" என்றார். "எழுந்து போனது அப்பன் மாப்ள."