வில் நகரம் வழியாக அமெரிக்கா

குகநாதனுக்கு "இல்லை" என்ற சொல் வாயில் வராது. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருசமாகச் சட்டி கழுவுகிறான். நாலு பேர் செய்யவேண்டிய வேலையை அங்கே இரண்டு பேர் செய்வது ஆள் கிடைக்காததால் இல்லை. முதலாளி எதைக் கேட்டாலும் இவன் தலையாட்டுவதால்தான்.

அப்படிப்பட்டவனிடம் அவன் மனைவி கஜலக்சுமி ஒருநாள் அமெரிக்கா கேட்டாள்.

அவள் வீடுகள் துப்புரவாக்கப் போகிறவள். ஒரு சுவிஸ்காரர் வீட்டில் கிழமைக்கு ஒருக்கால் தூசு தட்டுகிற படம் ஒன்று இருக்கிறதாம். ஒரு மனிசன், ஒரு மனிசி, ஒரு கார், பின்னால் முடிவில்லாத ரோட்டு. அமெரிக்காவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மட்டும் ஓடிக் கடந்தவையாம்.

"அந்தப் படத்திலை என்ன விசேசம் தெரியுமோ? பக்கத்திலை சொந்தக்காரர் ஒருத்தரும் நிக்கேல்லை."

அவள் சொன்னதில் பிழை இல்லை. கல்யாணம் கட்டி இருபத்துநாலு வருசத்தில் இருவரும் லண்டன், பாரிஸ், டோர்ட்முண்ட் எல்லாம் போயிருக்கிறார்கள். லண்டனில் பார்த்தது சின்னம்மா வீட்டு ஹோல், நிலத்தில் மெத்தை. பாரிஸில் பெரியப்பா மகனின் ஹோல். டோர்ட்முண்டில் வேறு ஹோல், அதே மாதிரி மெத்தை. ஈபிள் கோபுரத்தைப் பெரியப்பா மகன் காரில் போகும்போது கையைக் காட்டிச் சொன்னான். இவர்கள் திரும்புவதற்குள் கார் திரும்பிவிட்டது. பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

"நியூயோர்க்கிலை இறங்கி, கார் எடுத்து, கலிபோர்னியா மட்டும் ஓடுவம்" என்றாள் கஜலக்சுமி. "பிளான் ஒண்டும் வேண்டாம். எங்கை இருளுதோ அங்கை படுப்பம். ஒருத்தற்ற வீட்டிலையும் படுக்கிறேல்லை. ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. அவ்வளவுதான்."

"ஓம்" என்றான் குகநாதன்.

பேர்னில் படிக்கிற மகள் கோபிஷாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அம்மாவும் அப்பாவும் திடீரெண்டு வெளிக்கிடினம்" என்று சிநேகிதிகளுக்கெல்லாம் சொன்னாள். சுவிஸில் திடீரென்று வெளிக்கிட ஒரு முறை இருக்கிறது. ஃபேரியன், அதாவது வேலை லீவு, எப்ப வேண்டும் என்று நவம்பரில் எழுதிக் குடுக்கவேண்டும். ஆகவே யூன் மாதத்தில் திடீரென்று வெளிக்கிடுவது என்று நவம்பரிலேயே முடிவாகியது. ரிக்கெற்றும் வாங்கியாயிற்று. கார் ஓடுவது கஜலக்சுமி. குகநாதன் லைசென்ஸ் எழுத்துச் சோதனையில் மூன்று தரம் பெயிலாகி, அதற்குப் பிறகு சைக்கிள்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

ஏழு மாதம் அவன் வாயைத் திறக்கவில்லை. கடைசிக் கிழமைதான் கெட்டது. பக்கத்துத் தொட்டியில் சட்டி கழுவுகிற இரவீந்திரன் அண்ணை கேட்டார்.

"தம்பி, ஃபேரியனுக்கு எங்கை?"

"சும்மா அண்ணை."

"சும்மா எண்டால் எந்தப் பக்கம்?"

குகநாதன் ஒரு பெரிய தாச்சியை இரண்டாந்தரம் உரஞ்சினான். பிறகு, "அமெரிக்காப் பக்கம்" என்றான்.

அன்று பின்னேரமே முதல் பொதி வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற எங்கடை ஆளின் பெட்டியில் அவனுடைய உடுப்புப் போக மிச்ச இடம் கோயில் மண்டபம் மாதிரி, எல்லாருக்கும் பொது. இரவீந்திரன் அண்ணை நியூஜெர்சி மச்சானுக்கு இரண்டு கிலோ வறுத்த கறித்தூள் தந்தார். பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற நித்தியானந்தன், மகளின் கலியாண அல்பத்தை டொரன்டோவில் இருக்கிற தமையனுக்குக் கொடுத்துவிட்டார். அல்பம் ஒரு கதவு அளவு. வில் நகரத்தில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்கா இராசம்மா, தன் தங்கச்சியின் புதுவீட்டுக் குடிபூரலுக்கென்று ஒரு சோடி குத்துவிளக்கு அனுப்பினாள். அதுவும் டொரன்டோ.

"டொரன்டோ வேறை நாடெல்லோ அக்கா" என்று குகநாதன் ரெலிபோனில் சொல்லிப் பார்த்தான்.

"பக்கந்தானேயடா. எல்லாரும் அங்கைதான் இருக்கினம். நீ அமெரிக்காவிலை போய் ஆரைப் பாக்கப்போறாய்?"

 குடிபூரலுக்கு இரண்டு பேரும் வருவினம் என்றும், அங்கேயே ஹோலில் படுக்கலாம் என்றும் அக்கா தங்கச்சிக்குச் சொல்லிவிட்டாள். இவனும் "ஓம்" என்றுவிட்டான்.

வெளிக்கிடுகிற ஞாயிறு காலமை, வெயிலுக்கு வாங்கின தொப்பியை வைக்கக் கஜலக்சுமி தன் பெட்டியைத் திறந்தாள். மேலே நித்தியானந்தனின் மகள் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை உடுப்பெங்கை?"

"கைப்பையிலை கொஞ்சம் வைச்சிருக்கிறன். மிச்சத்தை அங்கை ஆரிட்டையும்..."

கஜலக்சுமி கத்தவில்லை. பெட்டியை மூடினாள். "பிளேன் ஒண்டரைக்கு. இப்ப ஆறு மணி. வாங்கின கையாலை எல்லாத்தையும் திருப்பிக் குடுங்கோ. நான் காரிலை இருக்கிறன். இல்லையெண்டால் நீங்கள் பொதியோடை போங்கோ. காரை அங்கை நீங்களே ஓடுங்கோ."

இரவீந்திரன் அண்ணை சாரத்தோடு கதவைத் திறந்தார். பெட்டியில் இடம் காணாது என்றான் குகநாதன். "அப்ப ஒரு கிலோவாவது கொண்டுபோ" என்றார். ஒரு கிலோவோடு காருக்கு வந்தான். கஜலக்சுமி அவன் கையைப் பார்த்தாள். திரும்பிப் போய், அதைப் படியில் வைத்துவிட்டு ஓடிவந்தான், ஐம்பது வயது மனிசன்.

பீலில் நித்தியானந்தன் கோபிக்கவில்லை. "கொண்டுபோகாட்டிப் பரவாயில்லை. என்னத்தை விட்டிட்டுப் போறாய் எண்டு ஒருக்கால் பாத்திட்டுப் போ" என்று அல்பத்தை விரித்தார். தொழிற்சாலையில் பழகின மனிசன், ஒரு பக்கத்தையும் அவசரப்பட்டுத் திருப்பவில்லை. அறுபத்துநாலு பக்கம். மாப்பிள்ளை வீட்டாரின் வான்கள் வரிசையாக நிற்கிற படமே ஐந்து.

வில் நகரம் சூரிச் விமானநிலையத்தைத் தாண்டி அரைமணித்தியாலம். தாண்டும்போது பிளேன்கள் தலைக்கு மேலால் போயின. இராசம்மா அக்காவின் வாசலில் கார் நின்றபோது பதினொன்றரை.

"ஐஞ்சு நிமிசம்" என்றாள் கஜலக்சுமி.

"ஐஞ்சே கனக்க" என்றான் அவன். இரண்டு விளக்கையும் இடுப்பில் ஏந்திக்கொண்டு போனான்.

அக்கா விளக்கைப் பார்க்கவேயில்லை. "வந்தனி சாப்பிட்டிட்டுப் போ. ஆட்டிறைச்சி அடுப்பிலை. பத்து நிமிசத்திலை வத்தியிடும்."

குகநாதன் வாயைத் திறந்தான். அந்தச் சொல் தொண்டை மட்டும் வந்தது. அங்கே நின்று யோசித்தது. பிறகு அவன் கதிரையை இழுத்து இருந்தான். கறி வத்த அரைமணித்தியாலம் பிடித்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினால் அக்கா அழுவாள். "கஜாவுக்கும் கட்டித் தாறன்" என்றாள். அதற்கும் ஓம் என்றான்.

அவன் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிசம் இருந்தது. கஜலக்சுமி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகமாப் போனால்..." என்றான்.

பெருந்தெருவில் இடப்பக்கம் சூரிச், வலப்பக்கம் மலைகள். அவள் வலப்பக்கம் திருப்பினாள்.

 ஒன்றரை மணிக்கு அவன் கண்ணாடியால் வானத்தைப் பார்த்தான். ஏதோ ஒரு பிளேன் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. அது தங்களுடையதாக இருக்காது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டான். ரெலிபோன் அடித்தது. இராசம்மா அக்கா.

"ஏறியிட்டியளோ?"

"ஓம் அக்கா" என்றான். பழக்கம்.

"எங்கை போறம்?" என்று பிறகு மெல்லக் கேட்டான்.

"தெரியாது. இருளட்டும்."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பிளான் இல்லை. பொதி இல்லை. பின்சீற்றில் ஒருவரும் இல்லை. அவள் கேட்டது இதைத்தான். அமெரிக்கா மட்டும்தான் குறை.

இருளத் தொடங்க, பெயர் தெரியாத ஒரு மலையூரில் சின்னச் சாப்பாட்டுக் கடையின் முன் நிறுத்தினாள். மேலே வாடகைக்கு அறை இருந்தது. "இரண்டு பேர்" என்று கஜலக்சுமி விரலைக் காட்டிச் சொன்னாள். அப்படிச் சொல்ல அவளுக்குப் பிடித்திருந்தது போல, இன்னொருதரமும் சொன்னாள். வெளியே மேசையில் அக்கா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். மலையில் கடைசி வெளிச்சம். கண்ணுக்கெட்டிய மட்டும் சொந்தக்காரர் இல்லை.

குசினிக் கதவைத் திறந்துகொண்டு ஏப்ரனோடு ஒரு கறுத்த மனிசன் வந்தான். குகநாதனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணை, தமிழோ?"

கஜலக்சுமி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். குகநாதனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும், ஓம் என்றால் அடுத்தது எந்த ஊர், அதற்கடுத்தது ஆருடைய மகன், அதற்கடுத்தது அந்த மனிசனின் வீட்டு ஹோல்.

"நைன்" என்றான் குகநாதன். ஜெர்மனில் "இல்லை" வந்துவிட்டது. தமிழில் அது இன்னும் வரவில்லை.

அந்த மனிசன் அவன் மீசையைப் பார்த்தான். மேசையில் திறந்திருந்த ஆட்டிறைச்சிக் கறியைப் பார்த்தான். கஜலக்சுமியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தான். விசயம் விளங்கிவிட்டது.

"சரி அண்ணை" என்றான். "சூப்புக்கு மிளகு கூடப் போடட்டோ?"

"ஓம்" என்றான் குகநாதன்.

கஜலக்சுமி அன்றைக்கு முதற்தரம் சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, சத்தமில்லாமல் சிரித்தாள். அந்த மனிசன் உள்ளே போனான். குகநாதன் அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தான். எந்த ஊர் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.