இரண்டாம் கியரில் ஒரு வளைவு

கரடிப்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தேன்குடி மலைக்கு மாற்றி உத்தரவு வந்தது. தேன்குடியில் ஆறாவது வளைவு சித்திரைக் கடைசியில் பணி ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டு மாதமாக அந்த இடம் காலி. மேலேயிருந்து வரும் பேருந்து பாதை முடிகிற இடத்தில் நிற்கும். ஆட்கள் நூலேணியில் இறங்கி, கீழே நிற்கும் இன்னொரு பேருந்தில் ஏறிக்கொள்வார்கள். காப்பி மூட்டைகளையும் நோயாளிகளையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கரடிப்பாறையிலோ அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட ஒரு வளைவு கூடுதலாக இருந்தது.

வளைவை ஏற்றிச்செல்லும் வேலை சகாயராணிக்குக் கிடைத்தது. அவளிடம் சொந்தமாக ஒரு பிக்கப்பும் நாலு சக்கர டிரெய்லரும் இருந்தன. எட்டு வருஷத்துக்கு முன் மரக்கடை ஒன்றில் வேலை பார்த்தபோது, பின்னால் உருண்டு வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய இடது முழங்கால் மாட்டிக்கொண்டது. லாரியை முன்னால் எடுக்க டிரைவர் எஞ்சினை எவ்வளவோ முறுக்கினார். அந்த உறுமல்தான் அவளுக்கு நினைவிருந்தது, வலி அவ்வளவாக நினைவில்லை. முழங்கால் அதன்பின் மடங்கவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாதென்று ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினாள். கியர் கம்பியை ‘டி’யில் தள்ளிவிட்டால் போதும், மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும். எஞ்சின் உறுமாது.

உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. வளைவு அன்று மாலை நான்கு மணிக்குள் பணியில் சேர வேண்டும். தவறினால், நான்கு மணிக்கு அது எங்கே இருக்கிறதோ அங்கேயே சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அதன் அர்த்தம் சகாயராணிக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன் வேறொரு மலையின் வளைவு நேரம் தவறிப்போய், ஒரு ஊரின் காய்கறிச் சந்தையில் சேர்ந்துவிட்டது. தக்காளி வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் பத்தடி முன்னால் திரும்பி வீட்டுக்கே வந்து சேர்கிறார்கள். அந்த ஊரில் இப்போது தக்காளி இல்லாமல் புளி மட்டும் போட்டுத்தான் ரசம் வைக்கிறார்கள். நான்கு மணிக்கு வளைவு டிரெய்லரில் இருந்தால், டிரெய்லரும் அதை இழுக்கிற பிக்கப்பும் இனி ஒருநாளும் நேராகப் போகாது. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

காலை ஒன்பது மணிக்கு வளைவின் இரண்டு முனைகளையும் அறுத்து, கிரேனால் தூக்கி வைத்தார்கள். கைப்பிடிச் சுவர், குவி கண்ணாடி, ‘ஒலி எழுப்பவும்’ என்ற பலகை எல்லாம் அதோடு வந்தன. எட்டாவது வளைவையும் பத்தாவது வளைவையும் இழுத்துச் சேர்த்துத் தாரால் ஒட்டினார்கள்.

வளைவை ஒப்படைத்துவிட்டு வர சின்னமாயன் என்ற சாலைப் பணியாளரை உடன் அனுப்பினார்கள். ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு வளைவைத்தான் கூட்டி, ஓரத்துப் புல் செதுக்கி, கண்ணாடி துடைத்து வந்தார். அவர் தார்ப்பாயை மூடுவதற்கு முன் வளைவின் உள்ளோரத்தில் கிடந்த நாலு சருகைப் பொறுக்கி எறிந்தார். பிறகு முன்சீட்டில் ஏறி மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

இறக்கத்தில் சகாயராணி ‘டி’யிலேயே விட்டாள். வண்டி மேல் கியருக்கு மாறிக்கொண்டு இலகுவாக ஓடியது. பின்னாலிருந்து வளைவு தள்ளியது. அவள் பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். நாலாவது வளைவு தாண்டியதும் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது.

“ரெண்டுல விடு தாயி,” என்றார் சின்னமாயன்.

“இது ஆட்டோமேட்டிக்குண்ணே. தேவைப்பட்டா அதுவே போட்டுக்கும்.”

“அதுக்கு இப்ப இருக்கிற ரோடுதான் தெரியும். அடுத்து இறக்கமா ஏத்தமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? பின்னால யாரு வர்றான்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

சகாயராணி மறுபடி பிரேக்கை மிதித்தாள். அவர் தொடர்ந்து பேசினார்.

“நம்ம வளைவு மேல இத்தனை வருஷமும் எல்லாப் பயலும் ரெண்டாம் கியர்லதான் போயிருக்கான். அதுக்குத் தெரிஞ்ச சத்தம் அது ஒண்ணுதான். வேற சத்தம் கேட்டா, யாரோ பிரேக் புடிக்காம வர்றான்னு நெனச்சுப் பயப்படும்.”

பிரேக் வாடை கூடிக்கொண்டே வந்ததால் அவள் கம்பியை, கையால் கியர் மாற்றுகிற ‘எம்’முக்குத் தள்ளி இரண்டு தடவை கீழே தட்டினாள். திரையில் இரண்டு என்று வந்தது. எஞ்சின் உறுமியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டியை எஞ்சினே பிடித்துக்கொண்டதால் அடிவாரம் வரை பிரேக்கை அதிகம் தொட வேண்டியிருக்கவில்லை. சமதளம் வந்த உடனே ‘டி’க்கு மாற்றினாள்.

சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் நேர்ச்சாலை. காற்றில் தார்ப்பாய் விலகிவிட்டதால், பின்னால் வந்தவர்கள் பலகையைப் படித்து ஒலி எழுப்பிவிட்டு முந்திப் போனார்கள். வளைவின் குவி கண்ணாடியில் இன்னமும் கரடிப்பாறை வண்டிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. வளைவைத் தனியாக விடக்கூடாது என்பதால் வழியோரக் கடையில் இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். சின்னமாயன் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு மினி லாரி வளைவில் ஏறித் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. சகாயராணி தடுக்கவில்லை. ஒலி எழுப்பிவிட்டுத்தான் அவன் ஏறினான்.

இரண்டேமுக்காலுக்குத் தேன்குடி ஏற்றம் தொடங்கியது.

அவள் ‘டி’யில்தான் ஏறினாள். வண்டி நாலாம் கியரில் முக்கியது, மூன்றுக்கு இறங்கியது, கொஞ்சம் வேகம் வந்ததும் நாலுக்குப் போனது, முடியாமல் மறுபடி மூன்றுக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வளைவு பின்னால் ஒரு குலுங்கு குலுங்கியது. மூன்றில் விரிந்தது, நாலில் ஒடுங்கியது. கட்டியிருந்த சங்கிலி இறுகுவதும் தளர்வதும் கேட்டது. கண்ணாடி கடகடவென்று ஆடியது.

“அதுக்கு நாம மேல போறோமா கீழ போறோமான்னே வெளங்கல,” என்றார் சின்னமாயன்.

“எனக்கும்தான்,” என்றாள் சகாயராணி.

மூன்றாவது வளைவைத் தாண்டும்போது திரையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கிறது என்று அர்த்தம். ஓரங்கட்டி ‘பி’யில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினாள். சின்னமாயன் இறங்கி டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். மணி மூன்று ஐந்து. விளக்கு அணைய இருபது நிமிஷமாவது ஆகும். அதன்பின் மறுபடி ‘டி’யில் ஏறினால் அடுத்த வளைவிலேயே திரும்பவும் எரியும்.

சின்னமாயன் டிரெய்லர் மேல் ஏறி, சூடாகிக் கிடந்த வளைவின் மேல் ஒரு குடம் தண்ணீர் தெளித்தார். பிறகு வந்து அவள் பக்கத்துக் கதவருகில் நின்றார்.

“ரெண்டுல போட உனக்கு என்ன தாயி சங்கடம்?”

“சத்தம்ணே.”

“எஞ்சின்னா சத்தம் போடத்தானே செய்யும்?”

அவள் முழங்காலைக் காட்டி மரக்கடைச் சம்பவத்தைச் சொன்னாள். லாரி உறுமியது, உறுமியும் நகரவில்லை, அவள் சுவரில் சாய்ந்தபடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னமாயன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த டிரைவரு எத்தனாவது கியர்ல போட்டு முறுக்குனாரு?”

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தாள். அந்த உறுமலை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிக் கேட்டாள். அடைத்த குரலில், திக்கித் திக்கி, அணைந்துவிடுவது போல வந்த சத்தம் அது.

“மூணுண்ணே. மூணுல போட்டுருக்கார்.”

“பாரம் ஏத்துன வண்டிய மூணுல எடுத்தா எப்படி நகரும்?” என்றார் சின்னமாயன்.

எட்டு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது வேறு கியருக்கு. அந்த டிரைவர் மேல் கோபம் வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கால்தான் லேசாக அரித்தது.

மூன்று இருபத்தெட்டுக்கு விளக்கு அணைந்தது. சின்னமாயன் கற்களை எடுத்துப் போட்டுவிட்டு ஏறினார். அவள் கம்பியை ‘எம்’முக்குத் தள்ளி, முதல் கியரில் நகர்த்தி, இரண்டுக்கு ஏற்றி, அதிலேயே நிறுத்தினாள். எஞ்சின் முழுக் குரலில் உறுமியது. அந்த உறுமல் திக்கவில்லை, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்னால் சங்கிலிச் சத்தம் நின்றுபோனது. வளைவு தன் அகலத்துக்கு வந்து அசையாமல் உட்கார்ந்துகொண்டது. வேகம் இருபதைத் தாண்டவில்லை. நாலாவது வளைவிலும் ஐந்தாவதிலும் ஒரே சத்தத்தில் திரும்பினாள். விளக்கு எரியவில்லை.

மூன்று ஐம்பதுக்குப் பாதை முடிகிற இடத்துக்கு வந்தார்கள். கீழே பள்ளத்தில் மேகம். நாற்பது அடி உயரத்தில், பாதையின் மறுமுனையில், பேருந்து நின்றது. பயணிகள் இறங்கி ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நூலேணியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பாதி இறங்கியிருந்தாள். டிரெய்லரைப் பார்த்ததும் நின்று, யோசித்து, மறுபடி மேலே ஏறிப் போனாள்.

ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து நிமிஷம் இருக்கும்மா. ரிவர்ஸ்ல வாங்க.”

டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலதுபக்கம் போகும். வளைவு ஏற்றிய டிரெய்லர், போகவேண்டிய பக்கத்துக்குப் போய்விட்டு, அதிலிருந்து திரும்பியும் வந்துவிடும். முதல் தடவை பின்னால் போனபோது அது சுற்றிக்கொண்டு பிக்கப்புக்கு முன்னால் வந்து நின்றது. சகாயராணி முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி ‘ஆர்’ போட்டாள். இந்தத் தடவை வெறும் பிரேக்கை மட்டும் மெதுவாக விட்டு, அங்குலம் அங்குலமாகப் போனாள். சின்னமாயன் பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

“வரலாம்… வரலாம்… இன்னும் வரலாம்… போதும் தாயி.”

சங்கிலியைக் கழற்றினார்கள். வளைவு நகரவில்லை. மூன்று ஐம்பத்தாறு. பொறியாளர் எழுந்து நின்றார். சின்னமாயன் டிரெய்லரில் சாய்ந்து, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“இங்கயும் வண்டிதான் வரும். இங்கயும் ரெண்டாம் கியர்லதான் வருவாங்க. எறங்கு,” என்றார்.

சகாயராணி ‘பி’யில் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறுமவிட்டாள். இரண்டாம் கியரில் ஏறி வந்தபோது கேட்ட அதே உறுமல். வளைவு டிரெய்லரிலிருந்து வழிந்து இறங்கி, கீழ் முனையைக் கவ்வி, எம்பி மேல் முனையையும் கவ்விக்கொண்டது. மூன்று ஐம்பத்தெட்டு. பொறியாளர் பதிவேட்டில் நேரத்தை எழுதினார். மேலே நடத்துநர் விசிலடித்தார். ஆட்கள் ஏறிக்கொள்ள, பேருந்து ஒலி எழுப்பிவிட்டு இரண்டாம் கியரில் திரும்பி, அவர்களைக் கடந்து கீழே போனது. சன்னலோரத்தில் அந்தப் பெண் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னமாயன் மண்வெட்டியோடு நின்றபடி வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கரடிப்பாறைல எனக்கு இனி பாக்க எதுவுமில்ல. இங்க பணியாளர் இடம் ஏதாச்சும் இருக்குமா?”

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். “பணியாளர் இடம் இல்ல. இந்த வளைவு ஓரத்துல கிலோமீட்டர் கல் இடம் ஒண்ணு காலியா இருக்கு.”

“மழையில நிக்கணுமா?”

“மழை, வெயில் ரெண்டும்.”

“இங்கருந்து பார்த்தா வளைவு முழுசாத் தெரியுமா?”

“முழுசாத் தெரியும். ரெண்டு பக்கமும்.”

சின்னமாயன் சரி என்றார். பொறியாளர் காட்டிய இடத்தில் போய் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்வெட்டியைச் சகாயராணியிடம் கொடுத்தார். ஒரு ஆள் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். மாநில நெடுஞ்சாலை என்பதால் தலையிலிருந்து தோள்வரை பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. நெஞ்சில் ஊர்ப் பெயரும் தூரமும் எழுதும்போது சின்னமாயனுக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்துக்கொண்டே நெளிந்தார். ஒரு எண் கோணலாக விழ, அழித்துத் திரும்ப எழுதினார்கள்.

சகாயராணி வண்டியை மெல்ல உருட்டி, அவர் பக்கத்தில் நிறுத்தி, சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“போயிட்டு வர்றேண்ணே. வீட்டுல ஏதாச்சும் சொல்லணுமா?”

“அடிவாரம் பதினொண்ணு,” என்றார் சின்னமாயன்.

பெயிண்ட் காய்கிறவரை அவள் அங்கே நின்றிருந்தாள். பிறகு கம்பியை இரண்டுக்குத் தட்டிவிட்டு இறங்கத் தொடங்கினாள்.